கணக்கப்பிள்ளை ஏமாற்றலாம், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன்?

"விளையாட்டுதானே தாத்தா, இதுக்குப் போய் இவ்வளவு பேசுறீங்க" என்று ஒரு வாதம். "நான் ஏமாத்தல, என் கேரக்டர் ஏமாத்துச்சு" என்று இன்னொரு வாதம். இரண்டு வாரமாக எங்கள் வீட்டு மாடியில் இந்த இரண்டையும் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. முதலாவது சோம்பேறித்தனம். இரண்டாவது, புத்திசாலித்தனம் போலத் தெரிகிற சோம்பேறித்தனம். இரண்டுக்கும் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன். நீளமாகத்தான் வரும். ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியாருக்கு மணியடித்து நிறுத்த ஆளில்லை.

முதலிலேயே ஒன்று. இதில் வருகிற ஐந்து பிள்ளைகளிடமும் "உங்களைப் பற்றி எழுதப் போகிறேன், பெயர் போட மாட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன். ஒருவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். ஆனாலும் "எழுதுங்க" என்றான். மற்றவர்களுக்குத் தெரியாமல் திட்டம் போடுவதைக் கண்டித்து எழுதுகிற பதிவை அவர்களுக்குத் தெரியாமல் எழுதினால் என்னை விட்டுவைப்பார்களா?

என் வயதுக்காரர்களுக்காக அந்த ஆட்டம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். நாலைந்து பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்காருவார்கள். ஆளுக்கொரு பாத்திரத்தை உருவாக்கி, அதன் பலம், பலவீனம், கையிலிருக்கும் பொருள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வார்கள். ஒருவர் மட்டும் கதை நடத்துபவர். "மழை பிடித்துவிட்டது, பாலம் இல்லை, என்ன செய்கிறீர்கள்?" என்று அவர் கேட்பார். மற்றவர்கள் தங்கள் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை சொல்லும். இருபது முகம் உள்ள பகடையெல்லாம் வைத்திருக்கிறார்கள். நம் தாயக்கட்டை அதைப் பார்த்தால் வெட்கப்படும். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்ற ஆட்டத்திலிருந்து கிளைத்த குடும்பம் இது. ஜெயிப்பது தோற்பது என்று பெரும்பாலும் கிடையாது. ஒரு கூட்டமாகச் சேர்ந்து ஒரு கதையை வாழ்ந்து பார்ப்பதுதான் ஆட்டம். ஒரே கதை மாதக்கணக்கில் ஓடும்.

பன்னிரண்டு வருடத்துக்கு மேல் ரயிலே இல்லாமல் கிடந்து 2023 ஜூனில்தான் போடிக்கு மறுபடி ரயில் வந்தது. அதில் என்னென்னவோ வந்து இறங்குகிறது. என் பேரனோடு இந்த ஆட்டம் வந்து இறங்கியது. கதை நடத்துபவன் அவன்தான்.

அவன் அமைத்த கதையைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாகவே சொல்ல வேண்டும். டிராகனும் மந்திரவாதியும் வேண்டாம், நம்ம மலையே போதும் என்று முடிவு செய்தான். 1924ஆம் வருடம், ஜூலை மாதம். மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை அப்போது ஒரு சின்ன ரயில் ஓடிக்கொண்டிருந்தது. தேயிலைப் பெட்டிகள் அதில் வந்து, டாப் ஸ்டேஷனிலிருந்து ரோப்வேயில் கீழே கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து போடிக்கு வரும். அந்த வருட வெள்ளத்தில் ரயில் பாதை அடித்துக்கொண்டு போனது. மலையாளத்தில் இன்றும் '99 வெள்ளம்' என்று பேசுகிறார்களே, கொல்லம் ஆண்டு 1099இல் வந்த அதே வெள்ளம்தான். இதுவரை சரித்திரம். இனிமேல் என் பேரனின் கற்பனை. மலைமேல் ஐந்து பேர் சிக்கிக்கொள்கிறார்கள். கூலிக்கு மேலே போன நாற்பது குடும்பத்தின் ஆறு மாதக் கூலிப்பணம் அவர்களிடம் இருக்கிறது. மழையில் குரங்கணி வழியாக நடந்து இறங்கி, அதைப் போடியில் காத்திருக்கும் குடும்பங்களிடம் சேர்க்க வேண்டும்.

இப்படி ஒரு கதையைப் பாடப்புத்தகத்தில் வைத்திருந்தால் நான் ஓய்வு பெற்றிருக்கவே மாட்டேன்.

ஐந்து வேடங்களில் நாலைப் பையன்கள் எடுத்துக்கொண்டார்கள். சர்வேயர், ரோப்வே மெக்கானிக், சமையல்காரர், கணக்கப்பிள்ளை. ஐந்தாவது வேடம் ஒரு பெண் பிள்ளைக்கு. கல்லூரி இரண்டாம் வருடம் படிக்கிறாள். அவள் அம்மா என்னிடம் படித்தவர். இன்றைக்கும் விடிவதற்கு முன் ஜீப்பில் ஏறி, போடிமெட்டுக்குப் போகும் பதினேழு கொண்டை ஊசி வளைவும் ஏறி, ஏலத்தோட்டத்துக்குப் போய்விட்டு இருட்டியபின் வீடு வருகிறவர்களில் ஒருவர். அதனால் அந்தப் பிள்ளை எடுத்துக்கொண்ட வேடம், காய் எடுக்கும் பெண். அந்த ஐவரில் வழி தெரிந்தவள் அவள் ஒருத்திதான் என்று எழுதிக்கொண்டாள். ஏலச்செடியில் காய் மேலே காய்க்காது, தூரிலிருந்து தரையோடு படர்கிற சரத்தில்தான் காய்க்கும், குனிந்தும் குந்தியும் எடுத்து எடுத்து அம்மாவுக்கு இடுப்பு போயிற்று, அதனால் என் பாத்திரத்துக்கும் ஓட வராது, ஆனால் தரையைப் பார்த்தே வழி சொல்வாள் என்று அவள் விளக்கினாளாம். ஐந்து கிலோ பச்சைக்காய் ஸ்டோரில் காய்ந்தால் ஒரு கிலோதான் தேறும் என்ற கணக்கைக் கொண்டு ஒரு பொய்யான கங்காணியை ஒரு வாரம் மடக்கினாளாம். பேரன் அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்து போனான்.

பணப்பையை எங்கே ஒளித்து வைத்திருக்கிறாள் என்பது அவள் தாளில் மட்டும் இருந்தது.

அவளுக்கு இந்த ஆட்டம் புதிது. விதிப்புத்தகம் இங்கிலீஷில் முந்நூறு பக்கம். கணக்கப்பிள்ளை வேடம் போட்ட பையன் பக்கத்தில் உட்கார்ந்து, எந்தக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும், எந்தப் பகடையை எப்போது உருட்ட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தான். அவளும் தாளை அவனிடம் விரித்துக் காட்டினாள். நாலு மாதம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நடந்தது.

கடைசி மூன்று வாரம் வேறொரு ஆட்டமும் உள்ளே நடந்திருக்கிறது. கணக்கப்பிள்ளைப் பையனும் என் பேரனும் வாட்ஸ்அப்பில் தனியாகப் பேசி வைத்துக்கொண்டார்கள். கணக்கப்பிள்ளை, கங்காணியின் ஆள். பை எங்கே என்று தெரியும். குரங்கணிக்கு மேலே ஒரு பாறையிடுக்கில் பையைப் பறித்துக்கொண்டு அவளை அங்கேயே விட்டுவிட்டு இறங்கிவிட வேண்டியது. அந்த ஞாயிற்றுக்கிழமை அப்படியே நடந்தது. மற்ற மூன்று பேரும் வாயைப் பிளந்து, பிறகு கைதட்டினார்கள். "செம ட்விஸ்ட்" என்றான் ஒருவன். அந்தப் பிள்ளை தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். பகடைகளை டப்பாவில் போட்டு மூடினாள். கீழே வந்து "வர்றேன் சார்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்கப்புறம் வரவில்லை.

"ஸ்போர்ட்டிவா எடுத்துக்கத் தெரியல" என்பதுதான் மாடியில் வந்த தீர்ப்பு.

நான் அவள் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். அழவெல்லாம் இல்லை. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "கதையில ஏமாத்துனது பரவாயில்ல சார். கதைன்னா அப்படித்தான். நான் ரூல்ஸ் புரியலன்னு சொன்னப்ப பக்கத்துல உக்காந்து சொல்லிக்குடுத்தான்ல. அது எதுக்குச் சொல்லிக்குடுத்தான்னு இப்ப எனக்குத் தெரியல."

முப்பத்திரண்டு வருடம் வகுப்பெடுத்தவன் நான். இந்தக் கேள்வியை இதைவிடச் சுருக்கமாக என்னால் கேட்டிருக்க முடியாது.

கணக்கப்பிள்ளை காய் எடுக்கும் பெண்ணை ஏமாற்றினால் அது கதை. அதில் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. அப்படிப்பட்ட கணக்கப்பிள்ளைகளை இந்த மலை பார்க்காமலா இருக்கிறது? ஆனால் பை எங்கே இருக்கிறது என்று கணக்கப்பிள்ளை எப்படித் தெரிந்துகொண்டார்? மலையில் மோப்பம் பிடித்தாரா? பகடை உருட்டிக் கண்டுபிடித்தாரா? இல்லையே. மாடியில், பிளாஸ்டிக் நாற்காலியில், டீ குடித்துக்கொண்டே ஒரு பையன் ஒரு பிள்ளையின் தாளைப் பார்த்துத் தெரிந்துகொண்டான். அவள் தாளைக் காட்டியது கணக்கப்பிள்ளைக்கா? தனக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற சிநேகிதனுக்கு. அந்தத் திருட்டு 1924இல் நடக்கவில்லை, போன கார்த்திகையில் நடந்தது. "என் கேரக்டர் செஞ்சது" என்ற வாதம் இங்கேயே முறிந்து விழுகிறது. கேரக்டருக்கு அந்தத் தாளைப் படிக்கக் கண் கிடையாது.

உடனே ஒரு நண்பர் சொல்வார், நீங்கள் ரகசியத்துக்கே எதிரியா என்று. சீட்டாட்டம் தெரியாத ஆளா நான்? மேலே எஸ்டேட்டுகளில் மலையாளத்து ஆட்களோடு சேர்ந்து நம் ஆட்களும் உட்காரும் இருபத்தெட்டு இருக்கிறதே, அதை எடுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர், எதிரெதிரே உட்காருபவர்கள் ஜோடி. ஜாக்கிக்கு மூன்று, ஒன்பதுக்கு இரண்டு, ஆசுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. ஒரு சாதிக்கு ஏழு, நாலு சாதிக்கும் சேர்த்து இருபத்தெட்டு. கேள்வி கேட்டு எடுத்தவர் துருப்பைக் கவிழ்த்து வைப்பார். அது என்ன சாதி என்று எதிராளிக்கு மட்டுமல்ல, தன் ஜோடிக்கே தெரியாது. யாழ்ப்பாணத்துக்காரர்கள் உயிரை விட்டு ஆடுகிற முந்நூற்று நாலிலும் இதே ஏற்பாடுதான், அவர்கள் துரும்பு என்பார்கள். தன் கூட்டாளியிடமிருந்தே மறைக்கிற ரகசியம் அது. யாராவது அதைத் துரோகம் என்று சொல்லி எழுந்து போயிருக்கிறார்களா?

போனதில்லை. ஏனென்றால் ஒரு ரகசியம் இருக்கிறது என்பது நாலு பேருக்கும் தெரியும். சீட்டு கண்ணெதிரே கவிழ்ந்து கிடக்கிறது. அது என்னவென்பதுதான் தெரியாது. அதோடு, அந்த ரகசியம் ஜோடிக்கு எதிராக வைத்ததல்ல, ஜோடியையும் சேர்த்து ஜெயிக்க வைக்க வைத்தது. அதே ஆட்டத்தில் ஒருவர் மூக்கைச் சொறிந்து ஜோடிக்குச் சைகை காட்டினால் சீட்டைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். அந்த ரகசியம் மட்டும் ஏன் கெட்டது? அது மேஜையில் இல்லாத ரகசியம். நாலு பேர் ஒப்புக்கொள்ளாதது.

மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதும் இப்படித்தான். சுற்றி நிற்கிற ஐம்பது பேருக்கும் துண்டுக்குள்ளே என்ன நடக்கிறதென்று தெரியும். தொகை மட்டும் தெரியாது. துண்டு என்பதே, இங்கே ஒரு ரகசியம் நடக்கிறது என்று ஊருக்குச் சொல்லும் கொடிதான். என் பேரனும் அந்தப் பையனும் துண்டே போடாமல் பேரம் பேசினார்கள் என்பதுதான் என் புகார்.

பையன்கள் சும்மா இருப்பார்களா? போனில் தேடி ஒரு பட்டியலே கொண்டு வந்தார்கள். 1959இல் வெளிவந்த 'டிப்ளமசி' என்ற ஆட்டமாம். ஆலன் கேல்ஹாமர் என்பவர் உருவாக்கியது. முதல் உலகப்போருக்கு முந்தைய ஐரோப்பாவின் ஏழு வல்லரசுகள், ஒருவரோடொருவர் தனியறையில் கூடிப் பேசி, கைகுலுக்கி, அப்புறம் முதுகில் குத்தவேண்டும். 1984இல் வந்த 'பாரனாய்யா' என்று இன்னொன்று. நம் ஆட்டத்தைப் போலவே வேடம் போட்டு ஆடுவது, ஆனால் கூட இருக்கும் ஒவ்வொருவரும் ரகசியச் சங்கத்துக்காரர், ஒருவரையொருவர் காட்டிக்கொடுப்பதே வேலை. "இதெல்லாம் உலகம் பூரா ஆடுறாங்க தாத்தா, யாரும் கோவிச்சுக்கிறதில்ல."

நல்ல உதாரணங்கள். நன்றி. எல்லாம் என் கட்சிக்குத்தான் சாட்சி சொல்கின்றன. டிப்ளமசிக்கு உட்காருகிறவன் குத்து வாங்கத்தான் உட்காருகிறான். அவன் யாரையும் நம்பித் தன் தாளைக் காட்டமாட்டான். பாரனாய்யாவில் ஆளுக்கு ஆறு நகல் உடம்பு கொடுத்துவிடுகிறார்கள். ஒருவனைக் கொன்றால் அடுத்தவன் வந்து நின்று சிரிப்பான். அங்கே துரோகம் மலிவு. நாலு மாதம் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாகத் தன் அம்மாவின் இடுப்பு வலியைக்கூடச் சேர்த்து ஒருத்தி கட்டி எழுப்பிய பாத்திரத்துக்கு நகல் ஏது? நம் சின்ன வயசு ராஜா ராணி சீட்டில் திருடன் சீட்டு எடுத்தவன் முகத்தை வைத்து ஏமாற்றினால் தப்பா? போலீஸ் சீட்டு எடுத்தவனுக்கு, நம்மில் ஒருவன் திருடன் என்று சொல்லித்தானே ஆட்டமே தொடங்குகிறது. மாடியில் நாலு மாதம் சொல்லப்பட்டது வேறு: "நாம அஞ்சு பேரும் ஒண்ணா இறங்கணும்."

எந்த ஆட்டத்துக்கு உட்கார்ந்திருக்கிறோம் என்பது உட்காருகிற எல்லோருக்கும் தெரிய வேண்டும். ஒருவனுக்கு டிப்ளமசி, ஒருத்திக்குத் தோழமைக் கதை என்று ஒரே மேஜையில் இரண்டு ஆட்டம் நடந்தால், அதில் ஒன்றை மட்டும் தெரிந்தவர் ஏமாந்தவர். அவர் ஸ்போர்ட்டிவாக இல்லை என்று சொல்ல மற்றவர்களுக்கு வாயிருக்கக் கூடாது.

சரி, வேடத்துக்கும் ஆளுக்கும் வருவோம். பாரதத்திலேயே இதற்கு மிகச் சரியான ஆள் ஒருவர் இருக்கிறார். சகுனியை நினைக்காதீர்கள், அவர் எதிர்க்கட்சியை ஏமாற்றினார். நான் சொல்வது சல்லியனை. பாண்டவர்களுக்குத் தாய்மாமன் முறை. வழியில் துரியோதனன் செய்த உபசாரத்தில் சிக்கி அவன் பக்கம் சேர்ந்துவிடுகிறார். பிறகு தருமரைச் சந்திக்கும்போது தருமர் ஒரு உதவி கேட்கிறார். கர்ணனுக்கு நீங்கள் தேரோட்டும் நாள் வரும், அன்று அவன் மனத்தைரியத்தை உடைத்துவிடுங்கள் என்று. தகாத செயல் என்று தெரிந்தே தருமர் கேட்கிறார், சல்லியனும் சரி என்கிறார். அப்படியே கர்ணனின் தேரில் உட்கார்ந்து, அவனைக் குத்திக் குத்திப் பேசுகிறார். கூட்டாளியாக இருந்துகொண்டே கூட்டாளிக்கு எதிராக ரகசியத் திட்டம். இதைவிடச் சுத்தமான உதாரணம் கிடைக்காது.

இப்போது வடமாவட்டத்துக் கூத்துகளில் 'கர்ண மோட்சம்' நடக்கிறதே, அங்கே வாருங்கள். சல்லியன் வேடக்காரர் கர்ணனைக் கவிழ்க்கிறார். கர்ணன் வேடக்காரருக்கு அது தெரியாதா? இருவரும் ஒரே கொட்டகையில் முகத்துக்கு அரிதாரம் பூசிக்கொண்டு வந்தவர்கள். பாத்திரத்துக்குத் தெரியாது, ஆட்டக்காரருக்குத் தெரியும். அந்தத் தெரிதல் இருப்பதால்தான் இரண்டு பேரும் விடிய விடிய அவ்வளவு கொடூரமாகச் சண்டை போட முடிகிறது. சல்லியன் வேடக்காரர் நிஜமாகவே கர்ணன் வேடக்காரருடைய கிரீடத்தின் கயிற்றை அறுத்து வைத்துவிட்டு, "நான் செய்யல, சல்லியன் செஞ்சாரு" என்றால் ஊர் என்ன சொல்லும்? அந்தக் கயிற்றைத்தான் நம் பையன் அறுத்தான்.

கணக்கப்பிள்ளைப் பையனை இவ்வளவு திட்டுகிறேனே, என் கோபத்தில் பெரும்பங்கு அவனுக்கில்லை. என் பேரனுக்குத்தான். வீட்டில் இது பிடிக்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஆசை வந்தது அந்தப் பையனுக்கு. அதை ஒப்புக்கொண்டு பாதை போட்டுக் கொடுத்தது கதை நடத்தியவன். திருடியவனைவிட ஏணி பிடித்தவன் மேல் எனக்குக் கோபம் ஏன் என்றால், அந்த மேஜையில் எல்லோருடைய தாளையும் பார்க்கும் உரிமை அவன் ஒருவனுக்குத்தான் கொடுக்கப்பட்டிருந்தது. அவன் பாதி நடுவர், பாதி கட்டியங்காரன். வினாத்தாள் தயாரிக்கிற வாத்தியார் ஒரு பையனை மட்டும் வீட்டுக்குக் கூப்பிட்டு, "நாளைக்கு இது வரும், அவளுக்கு இது தெரியாது" என்று சொன்னால் அதற்கு என்ன பெயர்? "பரீட்சை சுவாரசியமா இருக்கும்னு செஞ்சேன்" என்று சொன்னால் கல்வி அதிகாரி மாலை போடுவாரா?

"கதை நடத்துறவனுக்கு எப்பவுமே ரகசியம் இருக்கும் தாத்தா. அடுத்த வளைவுல என்ன இருக்குன்னு முன்னாடியே சொல்ல முடியுமா?" என்றான். முடியாதுதான். மலையின் ரகசியம் அவனுடையது. நிலச்சரிவு, யானை, பொய்க் கங்காணி எல்லாவற்றையும் அவன் மறைத்து வைக்கலாம். அவர்கள் ஐந்து பேரும் அதற்கு எதிராகத்தான் நடக்கிறார்கள், எதிரே எதுவும் இருக்கலாம் என்று தெரிந்து நடக்கிறார்கள். ஆனால் கூட நடப்பவன் யார் என்பது அப்படிப்பட்ட ரகசியமா? அதற்கு அவர்களிடமே கேட்டு அனுமதி வாங்கியிருக்க வேண்டும்.

இன்னொரு வாதம் இலக்கியத்திலிருந்தே வந்தது, என்னிடமே. "வீடணன் அண்ணனை விட்டுட்டுப் போனான்ல, அவன நீங்க பாராட்டித்தானே பாடம் எடுத்தீங்க?" வீடணனா கும்பகருணனா என்று நாம் எத்தனை பட்டிமன்றம் பார்த்திருப்போம். நானே இரண்டு அணியிலும் பேசியிருக்கிறேன், அழைப்பிதழைப் பொறுத்து. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வீடணன் சபை நடுவே, இராவணன் முகத்துக்கு நேரே, நீ செய்வது தவறு என்று சொன்னான். விரட்டப்பட்ட பிறகே கிளம்பினான். இலங்கைச் சபையில் உட்கார்ந்துகொண்டே இராமனுக்கு ஓலை அனுப்பவில்லை. கும்பகருணனும் அதையே அண்ணனிடம் சொல்லிவிட்டுத்தான் அண்ணனுக்காகச் சாகப் போனான். மேடையில் எதிரெதிரே நிறுத்துகிற இருவரும் இந்த விஷயத்தில் ஒரே கட்சி. அக்கரையில் வீடணன் வந்து நின்றபோது சுக்கிரீவன் சந்தேகப்படுகிறான், உள்ளே இருந்து கெடுக்க வந்தவனோ என்று. இராமன் தனியாக முடிவெடுக்கவில்லை, கூட இருந்தவர்களைக் கூப்பிட்டு வைத்து ஒவ்வொருவர் கருத்தையும் கேட்கிறான். அவர்களும் அந்த வீடணனோடு சேர்ந்து போருக்குப் போக வேண்டியவர்கள் அல்லவா?

இந்தப் பதிவைப் பார்த்து, "இதுக்குத்தான் சொன்னேன், பொம்பளப் பிள்ளைய இந்த மாதிரி ஆட்டத்துக்கெல்லாம் அனுப்பக் கூடாதுன்னு" என்று கிளம்புகிற பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. எனக்கு உங்கள் ஆதரவு வேண்டாம். போனைப் பார்த்துக்கொண்டு மூலைக்கொருவராகக் கிடந்த பிள்ளைகள் நாலு மாதம் ஒரே மேஜையில் முகம் பார்த்துப் பேசியது இந்த ஆட்டத்தால்தான். நம் ஊரில் பையனும் பெண்ணும் ஒரு வேலையைச் சேர்ந்து செய்ய, வீட்டுக்காரர்கள் சம்மதத்தோடு, வேறு இடம் எங்கே இருக்கிறது? சினிமாத் தியேட்டரா? அவள் அம்மா அந்த அனுமதியைக் கொடுக்க எவ்வளவு யோசித்திருப்பார் என்று எனக்குத் தெரியும். "சார் வீட்டு மாடிதானே" என்று கொடுத்தார். பையன்களுக்குப் போனது ஒரு ஆட்டக்காரி. அவளுக்குப் போனது வாரத்தில் அந்த மூன்று மணி நேரம். இரண்டும் சமமில்லை. "அவளே விட்டுட்டுப் போனா" என்று எளிதாகச் சொல்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

கடைசியாக ஒரு வாதம் மிச்சமிருக்கிறது. நியாயமான வாதம், அதனால் கடைசியில் வைத்தேன். "முன்னாடியே சொல்லிட்டா அதிர்ச்சி போயிடுமே?" கொஞ்சம் போகும். ஒத்துக்கொள்கிறேன். எவ்வளவு போகும் என்பதுதான் கேள்வி. முதல் நாளே, "இந்தக் கதையில் நம்மில் ஒருவர் மற்றவர்களைக் காட்டிக்கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம், அப்படி ஆட எல்லோருக்கும் சம்மதமா?" என்று ஒரு வரி கேட்டிருந்தால் போதும். யார், எப்போது, எங்கே என்று எதையும் சொல்ல வேண்டியதில்லை. துருப்பைக் கவிழ்த்து வைத்தது போல ஆகியிருக்கும். அந்தப் பிள்ளை வேறு யாரிடமாவது விதி கேட்டிருப்பாள். பையை இரண்டு இடத்தில் பிரித்து ஒளித்திருப்பாள். தாளில் பொய்யான இடத்தை எழுதி வைத்திருந்தாலும் ஆச்சரியமில்லை, கங்காணியை மடக்கியவள். கணக்கப்பிள்ளை அவளைக் கவிழ்க்க உண்மையிலேயே மூளையைக் கசக்க வேண்டியிருந்திருக்கும். பையன்கள் அந்த நல்ல ஆட்டத்தை ஆடவில்லை. சுலபமானதை ஆடினார்கள்.

அல்லது பாதி வழியில் அந்த எண்ணம் வந்திருந்தால்கூட, அவளிடமே போய், "என் கணக்கப்பிள்ளை அவ்வளவு நல்லவனில்லன்னு தோணுது, உன் பாத்திரத்துக்கு எதிரா அவன் திரும்பினா உனக்குச் சம்மதமா?" என்று கேட்டிருக்கலாம். எனக்குத் தெரிந்த வரையில் அவள் சம்மதித்திருப்பாள். எப்படித் திரும்ப வேண்டும் என்று அவளே நாலு யோசனை சொல்லியிருப்பாள். தோட்டத்துக் கணக்கில் எப்படியெல்லாம் ஏமாற்றுவார்கள் என்று அந்த மாடியில் அவளைவிடத் தெரிந்தவர் யாருமில்லை.

இதைப் பேரனிடம் சொன்னபோது ரொம்ப நேரம் பகடையை உருட்டிக்கொண்டே இருந்தான். பிறகு, "அவ வர்றதா இருந்தா கதையப் பாறையிடுக்கிலிருந்து மறுபடி தொடங்குறேன்" என்றான். அதை என்னிடம் சொல்லி என்ன பயன், அவளிடம் போய்ச் சொல், அந்தப் பையனையும் கூட்டிக்கொண்டு போ என்றேன். இன்னும் போகவில்லை. அவள் அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் லீவு, அன்றைக்குப் போங்கள் என்றும் சொல்லியிருக்கிறேன்.

மதுரை, கோவை, சென்னையில் இந்த ஆட்டத்தை நடத்துகிற பிள்ளைகள் என் பழைய மாணவர்களிலேயே சிலர் இருக்கிறீர்கள். முதல் நாள் உங்கள் மேஜையில் என்ன சொல்லித் தொடங்குகிறீர்கள் என்று எழுதுங்கள், பேரனுக்குப் படித்துக் காட்டுகிறேன். "ஸ்போர்ட்டிவா எடுத்துக்கணும் சார்" என்று மட்டும் எழுதாதீர்கள். அதற்குப் பதில் மேலேயே இருக்கிறது, மறுபடி படியுங்கள்.